முன்சக்கரத்தில் ‘டொக்’ சத்தம்: பால் ஜாயிண்ட்டை நானே மாற்றினேன்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் எங்கள் பிக்கப் வாரம் மூன்று நடை போய் வரும். ஏறும்போது உரமூட்டை, இறங்கும்போது ஏலக்காய். மாசியிலிருந்தே கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது வலது முன்சக்கரத்தில் ‘டொக்’ என்று ஒரு அடி விழும். அந்த டயரும் உள்பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. வண்டி ஓடியது 1,40,000 கி.மீ.

சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும், அதை சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் மேல், கீழ் ஆர்ம்களையும் சேர்க்கிற பந்து மூட்டுதான் பால் ஜாயிண்ட். அதன் மேல்தான் சந்தேகம். முதலில் சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை. எங்கள் வண்டியில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார்தான். அது லோயர் ஆர்மை (கீழ் ஆர்ம்) கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். சேஸிஸைத் தூக்கினால் அந்த அழுத்தத்தில் ஜாயிண்ட் இறுகி நின்றுவிடும், தேய்மானம் வெளியே தெரியாது. ஜாக்கியை லோயர் ஆர்மின் நுனிக்கு மாற்றி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி 3 மி.மீ. துள்ளியது. தம்பியை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி நெம்பினேன், அப்போதும் அதே ஆட்டம். வீல் பேரிங்காக இருந்தால் பிரேக் மிதித்ததும் அடங்கியிருக்கும்.

இடது லோயர் ஜாயிண்ட்டிலும் லேசாக ஆட்டம் இருந்தது. அதனால் வலதுக்கு மேல், கீழ் இரண்டும், இடதுக்குக் கீழ் ஒன்றும் வாங்கினேன். எங்கள் வண்டியில் ஜாயிண்ட் ஆர்மோடு போல்ட்டில் நிற்கிறது. பிரஸ் செய்து இறக்கிய வகை என்றால் பிரஸ் இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

சனி காலை. பின்சக்கரங்களுக்குக் கட்டை, சேஸிஸுக்கு ஸ்டாண்டு, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி. வேலை முடியும்வரை அந்த ஜாக்கியை எடுக்கவே கூடாது. ஜாயிண்ட் கழன்ற நொடியில் டார்ஷன் பார் ஆர்மைக் கீழே அறைந்துவிடும். பிரேக் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சேஸிஸோடு கட்டினேன்.

நட்டு கழன்றது. ஜாயிண்ட் தண்டின் கூம்புப் பகுதியான டேப்பர் மட்டும் நக்கிளை விட்டு வரவில்லை. முந்தின நாளே டீசல் ஊற்றி ஊற வைத்தும் அரை மணி நேரம் போராட்டம். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, போல்ட்ட அடிக்காதீங்க. அது உட்கார்ந்திருக்கிற கண்ண அடிங்க.” நட்டை நாலு மரை மட்டும் திரும்பப் பூட்டிவிட்டு, நக்கிள் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இரண்டாவது சுத்தியலால் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் ‘டங்’ என்று விட்டது. நட்டு இருந்ததால் ஆர்ம் அங்கேயே நின்றது. அப்புறம் நட்டை எடுத்து, ஜாக்கியை எடுக்காமல், ஆர்ம் விலகும் அளவுக்கு மட்டும் மெதுவாக இறக்கினேன்.

பழைய ஜாயிண்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். ரப்பர் உறையான பூட்டில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். உள்ளே கிரீஸ் இல்லை, செம்மண் நிறத்தில் ஈரப் பொடி. லேசாகச் சாய்த்தாலே தண்டு தானாகத் துவண்டு விழுந்தது. புதியதின் தண்டைக் கட்டைவிரலால் தள்ளினால் பிடிவாதமாக நின்றது. மெட்டில் எனக்குக் கேட்ட சத்தம் முழுக்க இந்த வித்தியாசம்தான்.

பூட்டும்போது டேப்பரையும் கண்ணையும் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். அங்கே கிரீஸ் படக்கூடாது. நட்டை குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கிய பிறகு, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லை. அதற்காக நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் ஓட்டையைச் சேர்க்க வேண்டும். மேல் ஜாயிண்ட் நாலு போல்ட், சிரமமே இல்லை.

ஞாயிறு இடது பக்கம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. திங்கள் வீல் அலைன்மெண்ட். பால் ஜாயிண்ட் மாற்றினால் சக்கரத்தின் சாய்வு மாறும், இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த டயரும் தேயும்.

செவ்வாய் உரமூட்டையோடு மெட்டு ஏறினேன். ஜன்னலை இறக்கி, ரேடியோவை அணைத்துவிட்டு ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்தேன். சத்தம் இல்லை. இடது மேல் ஜாயிண்ட் இன்னும் பழையதுதான். அதன் பூட் கிழியாமல் இருக்கிறது. 1,000 கி.மீ. கழித்து நட்டுகளைச் சரிபார்க்கும்போது அதையும் நெம்பிப் பார்க்க வேண்டும்.