வெப்லி ரிவால்வர் மாதிரி வாங்கிய கதை: இங்கிலாந்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் ராணுவக் கைத்துப்பாக்கியின் மாதிரி (பார்க்க நிஜம் போலவே இருக்கும், ஆனால் சுட முடியாத நகல்) ஒன்றை வாங்க நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே கடைக்குப் போன் போட்டு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். நான் ஆர்டர் செய்த கடையின் இணையதளத்தில் "18 வயது நிரம்பியவரா?" என்ற ஒரே கேள்விதான் இருந்தது. மற்றதெல்லாம் பணம் போன பிறகு வந்தது. இன்னும் அந்த எரிச்சல் தீரவில்லை.

இரண்டாம் உலகப் போர்ச் சீருடையில் பர்மா முனையை நடித்துக்காட்டும் குழு ஒன்றில் இருக்கிறேன். ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆம் படையில் இந்திய வீரர்களே அதிகம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பார்க்க வரும் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். அதிகாரி வேடத்துக்கு இடுப்பு உறையில் வெப்லி மார்க் 6 வேண்டியிருந்தது. 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற .455 அங்குல ரிவால்வர் அது. நடுவில் மடித்துத் திறக்கலாம். அதைத் திறந்து காட்டினால்தான் கூட்டம் நின்று கேட்கும்.

2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜம் போலவே இருக்கும் மாதிரியை விற்பதும், செய்வதும், வெளிநாட்டிலிருந்து தருவிப்பதும் குற்றம். அருங்காட்சியகம், நாடகம், சினிமா, எங்களைப் போன்ற வரலாற்று நடிப்பு, ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டு விளையாடும் போர் விளையாட்டு) என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. ஸ்பெயினில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பொருளும் போகும், வழக்கும் வரும்.

சுலபமான வழி என்று எல்லோரும் காட்டுவது காற்றுத் துப்பாக்கி. அதே வெப்லி வடிவத்தில் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) குப்பியில் இயங்குவது கிடைக்கிறது. குண்டு பாயும் விசை 6 அடி-பவுண்டுக்குக் (ஆற்றலை அளக்கும் அலகு) கீழே இருந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் வேண்டாம். நேரில் போய் வாங்கிவிடலாம். குண்டு பாயும் பொருள் எளிதில் கிடைக்கிறது, குண்டே போட முடியாத வெற்று உலோகத்துக்குத்தான் இத்தனை கெடுபிடி! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் நான் அதை வாங்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் அது சிக்காமல் பார்த்துக்கொள்வது சட்டப்படி நம் பொறுப்பு. எங்கள் குழுவும் காற்றுத் துப்பாக்கியைக் களத்துக்குள் விடாது. ஸ்காட்லாந்தில் நிகழ்ச்சி என்றால் இன்னும் சிக்கல்: அங்கே 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் சான்றிதழ் வேண்டும்.

செயலிழக்கச் செய்த அசல் துப்பாக்கியையும் பார்த்தேன். கையில் எடுத்தால் சிலிர்க்கிறது, விலையைக் கேட்டால் கீழே வைக்கத் தோன்றுகிறது. இன்றைய விதிப்படி செயலிழக்கச் செய்தவற்றில் உள்பாகங்களைப் பற்றவைத்துவிடுகிறார்கள், மடித்துத் திறந்து காட்ட முடியாது. பளிச்சென்ற நீலமோ ஆரஞ்சோ பூசியது தடையில்லாமல் கிடைக்கும். ஆனால் அதை வாங்கிக் கறுப்படித்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். அப்படி மாற்றுவதும் அதே சட்டத்தில் குற்றம்.

ஆகவே உலோக மாதிரி. பணம் கட்டிய மறுநாள் கடையிலிருந்து மின்னஞ்சல்: நடிப்புக் குழு உறுப்பினர் என்பதற்கு ஆதாரம் அனுப்பவும். உறுப்பினர் அட்டையை அனுப்பினேன், போதாது என்றார்கள். குழுவால் பிறருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டின் சான்றிதழை அனுப்பினேன். அதில் குழுவின் பெயர்தான் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லையே என்றார்கள். குழுவின் பெயரில் எடுத்த காப்பீட்டில் ஒவ்வொரு உறுப்பினர் பெயரும் எப்படி இருக்கும்? போனில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் "எங்கள் நடைமுறை அது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குழுச் செயலாளரின் கடிதம் கொண்டுவந்தால் ஏற்பீர்களா என்றதற்கும் பதில் இல்லை. கடைசியில் ஆர்டரை அவர்களே ரத்து செய்து, "கையாளும் கட்டணம்" என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் ரத்து செய்த ஆர்டருக்கு நான் ஏன் கட்டணம் தர வேண்டும்? மின்னஞ்சல்களையெல்லாம் சேர்த்து அட்டை நிறுவனத்திடம் புகார் கொடுத்தேன். முழுப் பணமும் திரும்பி வந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த கடையில் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் முடிந்தது. காரணம், இந்த முறை செயலாளரிடம் குழுவின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் வாங்கியிருந்தேன்: என் முழுப் பெயர், வங்கி அட்டையில் உள்ள அதே முகவரி, உறுப்பினர் காலம் முடியும் தேதி, எந்த வேடத்துக்கு எந்த மாதிரி என்ற விவரம். கூடவே காலாவதியாகாத காப்பீட்டுச் சான்றிதழின் நகல். இந்த இரண்டும் இல்லாமல் ஆர்டர் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

ஏர்சாஃப்ட் வழியாக வருபவர்களுக்கு உகாரா (UKARA, ஏர்சாஃப்ட் வீரர்களுக்கான பதிவேடு) பதிவு உண்டு. இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்தில் மூன்று முறையாவது ஒரே களத்தில் விளையாடியிருக்க வேண்டும். அவசரத்துக்கு ஆகாது.

பழைய சத்தத்தோட்டாத் துப்பாக்கி (குண்டில்லாமல் வெடிச்சத்தம் மட்டும் எழுப்புவது) மலிவாக வருகிறது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். மேல்பக்கம் புகை கக்கும் துருக்கித் தயாரிப்புகள் சிலவற்றை எளிதில் நிஜத் துப்பாக்கியாக மாற்ற முடிகிறது என்பதால், 2025 பிப்ரவரியில் அவற்றைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்த மாதத்துக்குப் பிறகு வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

வாங்கிய பிறகும் இது ஒரு சுமைதான், அதை மறைக்க மாட்டேன். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் மாதிரியை வைத்திருப்பதே குற்றம். தூரத்திலிருந்து பார்க்கும் காவலருக்கு அது மாதிரி என்று தெரியவும் வழியில்லை. பூட்டிய பெட்டியில் போட்டு, காரின் பின்பக்கத்தில் வைத்து, கடிதத்தின் நகலோடுதான் எடுத்துப் போகிறேன். வழியில் கடைக்குக்கூட இறங்குவதில்லை.

விற்பதும் லேசில்லை. வாங்குபவரிடமும் இதே விலக்கு இருக்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணா, உங்களுக்கு அலுத்ததும் எனக்கே கொடுங்கள்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். முதலில் செயலாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.