48 முதல் 144 வரை: எனக்கேற்ற கணினித் திரையைத் தேடிய அனுபவம்

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், அலுவலகக் கணக்கு வேலை முடிந்து வந்தபின் இரவில் ஒரு மணி நேரம் கார்ப் பந்தயம் விளையாடுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு கணினியில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற, படங்களை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகு படத்தின் தரம் கூடியது. ஆனால், வளைவுகளில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் சாலையோர விளக்குக் கம்பங்கள் நடுவில் வெட்டுப்பட்டு, மேல் பாதி ஓரிடத்திலும் கீழ்ப் பாதி சற்றுத் தள்ளியும் நின்றன. விளையாடி முடிக்கையில் கண்கள் களைத்துப் போயின. கார்டில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். உண்மையில் கார்டும் திரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாததே காரணம் என்று புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின.

என் பழைய திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 முறை, என்ற வேகத்தில் இயங்குவது. ஏறக்குறைய 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை, உள்ளே வரும் படம் முழுமையாக இருக்கிறதா என்று பாராமல், தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கிராபிக்ஸ் கார்டுக்கோ அப்படிப்பட்ட ஒழுங்கு கிடையாது. வெறிச்சோடிய நெடுஞ்சாலையை அது விரைவாக வரைந்துவிடும். மழையும் பத்துப் பதினைந்து வண்டிகளும் சேர்ந்த காட்சிக்கு நேரம் எடுத்துக்கொள்ளும். திரை பாதி வரைந்துகொண்டிருக்கையில் அடுத்த ஃபிரேம் (கார்டு வரையும் ஒவ்வொரு தனிப் படம்) வந்துவிட்டால், மேலே பழைய படமும் கீழே புதிய படமுமாகக் கிழிந்து தெரிகிறது. திரையின் அடுத்த சுற்றுக்காகக் கார்டைக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் என்ற அமைப்பை இயக்கினால் கிழிசல் நின்றுவிடும். ஆனால் ஒரு ஃபிரேம் சற்றே தாமதித்தாலும் அடுத்த சுற்று வரை அது காத்திருக்க வேண்டும் என்பதால், வண்டி திக்கித் திக்கி ஓடுவது போலவும், ஸ்டீயரிங் தாமதமாகத் திரும்புவது போலவும் இருந்தது. எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

அடாப்டிவ் சிங்க் என்ற வசதி இந்தச் சிக்கலைத் தலைகீழாக அணுகுகிறது. கார்டு திரைக்காகக் காத்திருப்பதில்லை. கார்டு ஒரு ஃபிரேமை முடிக்கும்வரை திரை காத்திருந்து, முடிந்தவுடன் புதுப்பித்துக்கொள்கிறது. என் கார்டு சார்ந்த என்விடியா நிறுவனம் 2013ஆம் ஆண்டு அக்டோபரில் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தபோது, திரைக்குள்ளேயே அந்நிறுவனத்தின் தனி மின்னணுப் பலகை தேவைப்பட்டதால் விலையும் கூடுதலாக இருந்தது. 2014இல், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு இதே வசதியை, கணினியைத் திரையோடு இணைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பின் 1.2ஏ தரத்தில் ஒரு விருப்பக் கூறாகச் சேர்த்தது. அதன் அடிப்படையில் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015இல் கடைக்கு வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் 10ஆம் வரிசைக் கார்டுகளிலிருந்து தொடங்கி அத்திரைகளுக்கு வழிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமான மாற்றம் இதுதான். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் தனிப் பலகை கொண்ட விலை உயர்ந்த திரையைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அன்றோடு நீங்கியது.

இவ்வளவு தெரிந்துகொண்ட நான், அவசரப்பட்டு ஒரு தவறு செய்தேன். பெட்டியின் மீது ஃப்ரீசிங்க் முத்திரை இருந்தால் போதும் என்று எண்ணி, இணையத்தில் ஒரு 75 ஹெர்ட்ஸ் விஏ (ஒரு பேனல் வகை) திரையை வாங்கினேன். கூடவே வந்த எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தபோது, என்விடியாவின் அமைப்புப் பக்கத்தில் ஜி-சிங்க் என்ற பகுதியே தென்படவில்லை. அந்தத் திரையின் எச்டிஎம்ஐ வாயில் இருந்தது ஏஎம்டி தனக்கென உருவாக்கிய முறை. என்விடியா கார்டுகள் அதை ஏற்பதில்லை. எச்டிஎம்ஐ 2.1 தரத்தில் வரும் விஆர்ஆர் என்ற, புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத திரை என்றால், டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் இணைத்தாக வேண்டும். மறுநாள் அந்தக் கேபிளை வாங்கி மாட்டியதும் அந்தப் பகுதி தோன்றியது.

ஆனால் சிக்கல் அதோடு தீரவில்லை. மழைக் காட்சிகளில் கிழிசல் மீண்டும் வந்தது. அதைவிடத் தொல்லையாக, இருண்ட சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது திரை முழுவதும் மெல்ல மினுக்கியது. திரையே பழுதாகிவிட்டதோ என்று பயந்து, அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட விவரக் குறிப்பை வரிவரியாகப் படித்தபோதுதான், நான் தொடக்கத்திலேயே பார்த்திருக்க வேண்டிய எண் கண்ணில் பட்டது. அத்திரையின் அடாப்டிவ் சிங்க் வீச்சு, அதாவது அந்த வசதி வேலை செய்யும் வேக எல்லை, 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. என் விளையாட்டோ மழையில் வினாடிக்கு 40 ஃபிரேமுக்கு இறங்குகிறது. 48க்குக் கீழே போனால், எல்எஃப்சி என்ற உத்தி ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டிச் சமாளிக்க வேண்டும். 40ஐ இரட்டித்தால் 80. ஆனால் 75ஐத் தாண்ட முடியாத திரையில் அதற்கு இடமே இல்லை. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தால்தான் இந்த உத்தி நன்கு வேலை செய்யும். மினுக்கலுக்கும் இதில் பங்குண்டு: புதுப்பிப்பு வீதம் சட்டென்று ஏறி இறங்கும்போது விஏ வகைப் பேனல்களில் ஒளி அளவும் சிறிது மாறுகிறது, அது இருண்ட காட்சிகளில்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

எனவே அடுத்த திரையைத் தேடுவதற்கு முன், என் கணினி உண்மையில் எத்தனை ஃபிரேம் தருகிறது என்று தெரிந்துகொள்வதில் மூன்று இரவுகளைச் செலவிட்டேன். ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டும்படி வைத்து, ஒவ்வொரு பந்தயத்துக்கும் குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். மழையில் 40, வெயிலில் 95, பெரும்பாலான நேரம் 55க்கும் 80க்கும் இடையில். இதைச் செய்யாமல் திரை வாங்கப் போவது, காலளவு தெரியாமல் செருப்பு வாங்கப் போவதைப் போன்றது என்றே இப்போது கருதுகிறேன். 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் என் கார்டால் அந்த உயரத்தை எட்ட முடியாது. எனக்குத் தேவைப்பட்டது கீழ்ப்பக்கத்தில் உறுதியான ஆதரவு.

ஒரு சனிக்கிழமை தம்பியையும் அழைத்துக்கொண்டு, செந்தூலில் ரயில் ஏறி, ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறி, கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போனேன். ஒரு கடையில் இருந்த தமிழ் இளைஞர், "அக்கா, இது 165 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் இருக்கு, வளைவான திரை, விலையும் குறைவுதான்" என்று ஒரு விஏ திரையைக் காட்டினார். "தம்பி, வீச்சு எதுல தொடங்குது? 48ஆ, 60ஆ?" என்று கேட்டேன். அப்படி யாரும் கேட்டதில்லை என்றார், ஆனாலும் பொறுமையாகக் கைப்பேசியில் தயாரிப்பாளர்களின் பக்கங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். விஏ திரையின் கறுப்பு ஆழமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஒருமுறை மினுக்கலில் அவதிப்பட்ட பிறகு எனக்கு அந்த வகையை மீண்டும் எடுக்க மனம் வரவில்லை. இறுதியில் 24 அங்குலம், 144 ஹெர்ட்ஸ், 48 முதல் 144 வரையிலான வீச்சு, டிஸ்ப்ளேபோர்ட் வாய் கொண்ட, ஐபிஎஸ் என்ற வேறு பேனல் வகைத் திரையைத் தேர்ந்தெடுத்தேன். தம்பியின் கணினியில் ஏஎம்டி கார்டு இருப்பதால், இரண்டு வகைக் கார்டுகளோடும் ஒத்துப்போகும் திரையாக இருந்ததும் ஒரு காரணம்.

வீட்டில் பொருத்தியபோது, முந்தைய அனுபவத்தால் எதையும் ஊகத்துக்கு விடவில்லை. திரையின் சொந்தப் பட்டியலில் அடாப்டிவ் சிங்க் அணைக்கப்பட்டிருந்தது. முதலில் அதை இயக்கினேன். விண்டோஸ் திரையை 60 ஹெர்ட்ஸிலேயே வைத்திருந்தது. அதை 144க்கு மாற்றினேன். அதன்பிறகே என்விடியா அமைப்புப் பக்கத்தில் ஜி-சிங்க்கை இயக்கினேன். என் திரை அவர்கள் சோதித்து ஏற்றவற்றின் பட்டியலில் இல்லாததால், அந்த மாதிரிக்கென்று தனியாக ஒரு கட்டத்தில் குறியிட வேண்டியிருந்தது. பிறகு விளையாட்டுக்குள் வி-சிங்க்கை அணைத்து, என்விடியா பக்கத்தில் மட்டும் அதை இயக்கி, ஃபிரேம் எண்ணிக்கைக்கு 141 என்று வரம்பு வைத்தேன். எளிமையான பழைய விளையாட்டுகளில் கார்டு 144ஐத் தாண்டி ஓடும். அப்போது அடாப்டிவ் சிங்க் விலகி வி-சிங்க் பொறுப்பேற்கும், பழைய தாமதமும் திரும்பிவிடும். மூன்று ஃபிரேம் குறைவாக நிறுத்தினால் அந்த எல்லையைத் தொடவே மாட்டோம்.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் என்ற திரை அமைப்பை மிக வேகமான நிலையில் வைத்தபோது, மெதுவான காட்சிகளில் வண்டிகளின் பின்னால் வெளிறிய நிழல் விளிம்பு தோன்றியது. 144 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் அளவு 60இல் மிகுதியாகிவிடுகிறது. தனிப் பலகை கொண்ட ஜி-சிங்க் திரைகள் இதை வேகத்துக்கேற்பத் தாமே மாற்றிக்கொள்கின்றன, என் திரைக்கு அந்த வசதி இல்லை. நடுத்தர நிலைக்கு மாற்றியதும் நிழல் ஏறக்குறைய மறைந்தது. கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. என் தேவைக்கு நடுத்தர நிலையே போதும்.

அன்றிரவு, திரையின் நடப்புப் புதுப்பிப்பு வேகத்தைக் காட்டும் எண்ணை அதன் மூலையில் வைத்துக்கொண்டு, தம்பி பக்கத்தில் அமர்ந்திருக்க, அதே மழைப் பந்தயத்தை ஓட்டினேன். சாலை காலியாக இருந்தபோது எண் 90ஐ ஒட்டி நின்றது. வண்டிகள் நெருங்க நெருங்க 70, 58, 51 என்று இறங்கியது. 48க்குக் கீழே போன அந்தக் கணத்தில் அது 40ஐக் காட்டவில்லை, 80 என்று காட்டியது. "அக்கா, இரட்டிச்சிருச்சு" என்றான் தம்பி. வளைவில் திரும்பியபோது விளக்குக் கம்பங்கள் முழுதாக, நேராக நின்றன.