எண்பதுக்கு எவ்வளவு? ஜார்ஜியாவில் என் முதல் டிராஃப்ட் சீசன்

2025 பிப்ரவரி கடைசி வாரம். அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் மைதானத்தில், மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கம்பிவலையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கியதும் குளிர் எலும்பைப் பிடித்தது. கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு ஷார்ட்ஸ்டாப் (உள்வட்டத்தில் நிற்கும் ஃபீல்டர்) பையனைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மூன்று தடவை மட்டை பிடிக்க வந்தான், மூன்று தடவையும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை ஒழுங்காக அடிக்காமலே அவுட். வீட்டுக்கு வந்து அவன் பேட்டிங்குக்கு, 20இல் இருந்து 80 வரை போகும் மதிப்பெண்ணில், 30 என்று போட்டு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில், அணிக்காக ஆட்டக்காரர்களைத் தேடும் ஸ்கவுட் போன் செய்தார். "எந்தெந்தப் பந்துக்கு மட்டையை வீசினான்?" அவ்வளவுதான் கேட்டார். நோட்டைப் புரட்டினேன். அவுட் ஆனது இருந்தது, எப்படி ஆனான் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியதுதான் அந்த சீசன் முழுக்க நான் செய்த வேலை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகன் எட்டாம் வகுப்பு வரை பேஸ்பால் ஆடினான். மதுரையில் கிளப் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிய பழக்கம் இருந்ததால் அவன் டீமின் ஸ்கோர் புத்தகமும் என் கைக்கு வந்தது. மகன் விளையாட்டை விட்டுவிட்டான், என்னால் விட முடியவில்லை. சனி ஞாயிறுகளில் யார் ஆடினாலும் போய் உட்கார்ந்து பந்துக்குப் பந்து எழுதிக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். தொழில்முறை அணி ஒன்றுக்கு இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்கவுட் அவர், பிப்ரவரியில் போன் செய்தவரும் அவர்தான். ஒரு மாநிலத்தையே ஒரு மனிதர் பார்க்க வேண்டும், ஒரே மாலையில் இருபது முப்பது பள்ளிகளில் ஆட்டம் நடக்கும், அதனால் முதலில் போய்ப் பார்த்து "இவனை நீங்கள் வந்து பார்க்கலாம்" என்று சொல்ல உள்ளூரில் சிலரை வைத்துக்கொள்வார்கள். அசோசியேட் ஸ்கவுட் என்று பெயர். சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நான் கேட்கவும் இல்லை.

டிராஃப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: 1965இல் இருந்து அமெரிக்கத் தொழில்முறை அணிகள் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, ஒரு அணி பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பையன் அந்த அணியோடு மட்டும்தான் பேச முடியும். ஒரு காலத்தில் 40 சுற்றுகள் இருந்தன, 2021இல் இருந்து 20தான். 30 அணிகளும் சேர்ந்து சுமார் 615 பேரை எடுக்கும். பள்ளி முடித்தவுடன் ஒரு வாய்ப்பு, அதை விட்டுவிட்டு நான்கு வருடக் கல்லூரிக்குப் போனால் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு பையன் எடுக்கும் முடிவு இது.

மதிப்பெண் 20இல் தொடங்கி 80 வரை. அணிகள் பொதுவாக இந்த அளவைத்தான் வைத்திருக்கின்றன. 50 என்றால் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஆடுபவர்களின் சராசரி, பள்ளிக்கூடச் சராசரி இல்லை, இதை மனதில் பதிய வைக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. மட்டையால் பந்தைத் தொடும் திறமை, அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு வரும். நல்ல பள்ளி ஆட்டக்காரனுக்குக்கூட இன்றைய பேட்டிங் 20, 30தான் வரும். அது குறை கிடையாது. இரண்டாவது எண்ணைப் போடுவதுதான் தொழில். நான் பிப்ரவரியில் போட்ட 30 அந்த இரண்டாவது எண்ணில் இருந்தது, அதுதான் தப்பு.

சில விஷயங்களில் கடிகாரம் உதவும். மட்டையில் பந்து பட்ட நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, கால் முதல் பேஸை, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்தை, தொடும்போது நிறுத்த வேண்டும். வலது கை ஆட்டக்காரர் 4.3 நொடியில் ஓடினால் சராசரி, இடது கைக்காரர் ஒரு எட்டு கிட்டே நிற்பதால் அவருக்கு 4.2. கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கையில் பந்து விழுந்ததில் இருந்து இரண்டாவது பேஸில் நிற்பவர் கையுறைக்குப் போய்ச் சேர 2 நொடி. இதெல்லாம் நாலு ஆட்டத்தில் கைவந்துவிடும். பேட்டிங்குக்குத்தான் எந்தக் கருவியும் பதில் சொல்லாது. பள்ளியில் உலோக மட்டை, அதில் பந்து சரியாகப் படும் இடம் அகலம், கைக்குக் கிட்டே வரும் பந்தைக்கூட எப்படியோ தள்ளிவிடலாம், அதே பந்து மர மட்டையை முறித்துவிடும். போதாக்குறைக்கு எதிரே எறிபவன் பல நாள் மணிக்கு 78 மைல் வேகத்தில் எறியும் பையனாக இருப்பான். அவனை நாலு அடி அடித்தால் அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

சரி, அந்த ஷார்ட்ஸ்டாப். மார்ச்சில் மறுபடி போனேன், இந்தத் தடவை ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். பெரியவர் சொல்லியிருந்தார்: ஸ்கோர்போர்டைப் பார்க்காதே, வலது கை ஆட்டக்காரனாக இருந்தால் முதல் பேஸ் பக்கம் போய் நில், அங்கிருந்துதான் அவன் நெஞ்சும் கையும் தெரியும். பயிற்சியில் அவன் கையைப் பார்த்தேன். மட்டை கிளம்புவதற்கு முன்னால் தேவையில்லாத அசைவே இல்லை, தலை அப்படியே நின்றது. ஆட்டத்தில் ஒரு அடிதான் அடித்தான், ஆனால் ஸ்ட்ரைக் கட்டத்துக்கு, அதாவது அடிக்கத் தகுந்த பந்து வர வேண்டிய எல்லைக்கு, வெளியே போன பதினோரு பந்தில் ஒன்பதை விட்டான், இரண்டுக்குத்தான் மட்டையை வீசினான். இதை எண்ணியபோதுதான் பிப்ரவரியில் நான் என்னவெல்லாம் எண்ணாமல் விட்டேன் என்று புரிந்தது. ஏப்ரலில் மூன்றாவது தடவை. தரையோடு வந்த பந்து ஒன்று அவன் வலப்பக்கம் ஆழத்தில் போனது, ஓடிப் பிடித்து, காலை ஊன்றாமலேயே எறிந்தான், பந்து நேராக முதல் பேஸ்காரன் நெஞ்சுக்குப் போனது. அன்றைக்கு மறுபடி ஒரு ஸ்ட்ரைக் அவுட், அவன் அம்பயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்து வருபவனிடம் பந்து எறியும் பிட்சரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நான் பேட்டிங்கின் இரண்டாவது எண்ணை 50 ஆக்கினேன். பெரியவர் தானே வந்து பார்த்துவிட்டு 45 போட்டார். இன்றைக்கும் நான் 50 என்றே நினைக்கிறேன்.

பிட்சர்களைப் பார்ப்பது வேறு மாதிரி வேலை, அதில் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இடது கைக்காரன். முந்தைய அக்டோபரில் ஒரே ஒரு இன்னிங்ஸ் எறிந்து வேகம் அளக்கும் ராடார் கன்னில் 94 மைல் காட்டியவன், அந்த ஒரு எண் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஏப்ரலில் முழு ஆட்டம் பார்த்தேன். முதல் இன்னிங்ஸில் 92, 91. நான்காவதில் 88, 87. எனக்கு உறுத்தியது வேகம் குறைந்தது இல்லை, பந்தை விடும்போது அவன் கை இருந்த உயரம். இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அதை அப்படியே எழுதினேன். மே மாதம் முழங்கை வலி, எம்ஆர்ஐ, அப்புறம் முழங்கைத் தசைநாருக்குச் செய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்முதலாகச் செய்த அதே சிகிச்சை, திரும்பி எறிய ஒரு வருடத்துக்கு மேலாகும். அந்த ஏப்ரல் மாலையில் அவன் அப்பா எனக்கு நாலு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். ஸ்கவுட் அப்படிச் சொல்வது வழக்கமில்லை, நான் டாக்டரும் இல்லை. ஆனாலும் மனது ஆறவில்லை.

மே கடைசியில் ஷார்ட்ஸ்டாப்பின் வீட்டுக்குப் பெரியவரோடு போனேன். இந்தச் சந்திப்பில்தான், எவ்வளவு கொடுத்தால் கல்லூரியை விட்டுவிட்டு வருவான் என்ற கேள்வி வரும். அணிகளுக்கு முதல் பத்து சுற்றுக்குச் செலவழிக்க வரம்பு உண்டு, அதற்குப் பிறகு எடுப்பவர்களுக்கு 1,50,000 டாலர் வரை கொடுத்தால் அந்த வரம்பில் சேராது. ஆக, திறமை எவ்வளவு இருந்தாலும் குடும்பம் சொல்லும் தொகை ஒத்துவராவிட்டால் பெயர் கீழே போய்விடும். இதே ஜார்ஜியாவில் படித்த குமார் ராக்கர் நல்ல உதாரணம், அம்மா வழியில் இந்திய வம்சாவளி. 2018இல் பள்ளி முடித்தபோது பெரிய திறமை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான் என்பதும் தெரியும், அதனால் 38வது சுற்றில்தான் பெயர் வந்தது. கல்லூரிக்குப் போனான், 2019இல் டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூட (அடித்து பேஸைச் சேர்வது) கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். 2021இல் மெட்ஸ் அணி பத்தாவதாக எடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. மறு வருடம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. ஒரே ஆளுக்கு 38வது சுற்று, பத்தாவது இடம், மூன்றாவது இடம். எங்கள் 20–80 கட்டங்களில் இதையெல்லாம் எழுத இடமே கிடையாது.

அந்த வீட்டில் அம்மாதான் அதிகம் பேசினார். பணத்தைப் பற்றி இல்லை. மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் பையன் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான், விளையாட்டு சரிப்படாவிட்டால் படிப்புச் செலவை அணி ஏற்குமா என்று. நம் ஊர் அம்மாக்கள் விடுதி வார்டனிடம் கேட்கும் அதே கேள்விகள். பையன் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தான், அதையும் எழுதிக்கொண்டேன். கடைசியில் குடும்பம் சொன்ன தொகை பெரியது, நியாயமானதும்கூட.

ஜூலை 13, 14. அந்த வருடம் டிராஃப்ட் அட்லாண்டாவிலேயே நடந்தது, ஆனால் நான் வீட்டில் டிவி முன்னால்தான் இருந்தேன். முதல் பெயராக ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஈலை வில்லிட்ஸ் என்ற ஷார்ட்ஸ்டாப்பை வாஷிங்டன் அணி எடுத்தது, 17 வயது, முதலிடத்தில் எடுக்கப்பட்டவர்களில் மிக இளையவர்களில் ஒருவன். வகுப்பில் ஒரு வயது சின்னவனாக இருப்பதை அணிகள் எவ்வளவு பெரிதாக நினைக்கின்றன என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் நாள் நான்காவது சுற்றில் இருந்து இருபது வரை பெயர்கள் கடகடவென்று ஓடின. பதினொன்றாவது சுற்றில் பெரியவரிடமிருந்து ஒரு செய்தி: "கேட்டுப் பார்த்தோம், குடும்பம் இறங்கவில்லை." இருபதும் முடிந்தது. நம் பையன் பெயர் வரவில்லை.

அவன் கல்லூரிக்குப் போய்விட்டான். அடுத்த வாய்ப்பு 2028இல். மூன்று ரிப்போர்ட்டையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அந்த 30ஐ அடிக்கவில்லை. பிப்ரவரியில் அந்தக் கல்லூரியின் முதல் ஆட்டம், எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். பயிற்சி தொடங்குவதற்குள் போய், முதல் பேஸ் பக்கம் இடம் பிடிக்க வேண்டும்.