பழைய பாடியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

ஜீப்புக்கு வீட்டிலேயே பாடி மாற்றப் போகிறேன் என்று சொன்னதும் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அவ்வளவு பெரிய பாடியை எப்படித் தூக்குவே?" தூக்குவது இருபது நிமிட வேலை. அதற்கு முன்னால் மூன்று வாரம், பின்னால் நான்கு மாதம். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி வில்லிஸ் சிஜே-2ஏ. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பொதுமக்களுக்கென்று 1945இல் வந்து 1949 வரை ஓடிய மாடல். ராணுவ ஜீப்பின் முகப்பில் 9 பட்டை இடைவெளி இருக்கும், இதில் 7. என்னுடையது 1948ஆம் வருட வண்டி. இன்ஜினுக்கு வயதாகியிருந்தாலும் மூச்சு இருந்தது. பாடிக்குத்தான் உயிர் போயிருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, அதன்மேல் பட்டி பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். அப்பளத்தில் குத்தியதுபோல இறங்கியது. அடுத்த நாலு இடத்திலும் அப்படியே.

ஏன் தளம் மட்டும் இப்படி அரித்துப் போகிறது என்பது கழற்றிய பிறகுதான் புரிந்தது. தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் தகரக் கால்வாய்களுக்குள் வலுவுக்காக மரக்கட்டையைத் திணித்து மூடியிருக்கிறார்கள். ஒருமுறை தண்ணீர் உள்ளே போனால் மரம் அதைக் குடித்துவிட்டு வருடக்கணக்கில் தகரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். என் வண்டியில் மரம் கறுப்புப் பொடியாகக் கொட்டியது. தளத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகரம் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வெல்டிங் பிடிக்க நல்ல ஓரம் வேண்டுமே! ஓரம் தேடி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் டேஷ்போர்டு மட்டும்தான் மிஞ்சும்போல இருந்தது. முழு பாடியாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்குவதில் ஒரு குழி உண்டு. ராணுவ மாடலும் சிஜே-2ஏவும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான், பாடி ஒன்றல்ல. ராணுவ மாடலில் பின்கதவு கிடையாது, ஓட்டுநர் சீட்டைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். சிஜே-2ஏவில் பின்கதவு உண்டு, பெட்ரோல் மூடி பக்கவாட்டில் இருக்கும். "ஜீப் பாடி" என்று மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் வேறு ஏதாவது வந்து நிற்கும். இன்னொன்று, வண்டியின் அடையாள எண் பொறித்த தகடு. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண் சேஸியில் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்) எங்கே இருக்கிறது, பாடியில் எங்கே இருக்கிறது என்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கையை வையுங்கள்.

கழற்றும்போது முதலில் வெளியே போக வேண்டியது பெட்ரோல் டேங்க். அது ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, துருப்பிடித்த போல்ட்டை கிரைண்டரால் அறுக்கும்போது தீப்பொறி பறக்கும். காலி டேங்க்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட, உள்ளே ஆவி நிற்கும் காலி டேங்க்தான் ஆபத்து.

பிறகு பானட், இரண்டு மட்கார்டு, ரேடியேட்டர், முன் கிரில். சோக், கைபிரேக், ஸ்பீடாமீட்டர் கேபிள்கள். கியர் லிவர், நாலு சக்கர இழுவைக்கான இரண்டு குட்டி லிவர்கள். கிளட்ச், பிரேக் பெடல்களின் கம்பிகள் சேஸியிலிருந்து தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன, அதனால் கால் வைக்கும் தலைப்பகுதியை மட்டும் கழற்றிவிட்டேன். ஸ்டீயரிங் வீலை புல்லர் போட்டுத்தான் பிடுங்க முடிந்தது.

டெம்பரேச்சர் மீட்டரில்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். அதில் ஒயர் கிடையாது. மீட்டரிலிருந்து சிலிண்டர் ஹெட் வரைக்கும் நூல்போன்ற ஒரு செப்புக் குழாய் ஓடும். அதன் முனைக் குமிழிலிருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகித் தரும் அழுத்தத்தில்தான் முள் நகரும். ஹெட்டில் இருந்த பித்தளை நட் குழாயோடு சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தது. நட்டைச் சுற்றினேன், குழாயும் கூடவே முறுக்கிக்கொண்டு "டிக்" என்றது. அவ்வளவுதான், மீட்டர் காலி. இரண்டு நாள் எண்ணெய் ஊறவிட்டு, குழாய் சுற்றுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்பியிருக்க வேண்டும். அவசரம்.

தூக்கும் நாள் வந்தது. மைத்துனனும் அவன் நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள். மூலைக்கு ஒருவராக நாலு பேர். ஸ்டீயரிங் தண்டு சாய்ந்து நிற்பதால் பாடியை நேர் மேலே தூக்கினால் மாட்டும். தண்டின் சாய்வை ஒட்டியே மேலும் பின்னுமாக உருவ வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினோம். மூன்று மூலை எழும்பியது. மைத்துனன் பக்கம் மட்டும் முகம் சிவந்ததே தவிர ஒன்றும் நகரவில்லை.

"மாமா, இது வண்டியோட சேர்ந்து வருது!"

குனிந்து பார்த்தால், பின் மூலையில் காய்ந்து கல்லாகிப் போன சேற்றுக்குள் ஒரு போல்ட் ஒளிந்திருந்தது. இறக்கி வைத்து, அதை அறுத்துவிட்டு மறுபடி தூக்கினோம். இந்தமுறை கூடை மாதிரி வந்துவிட்டது. பழைய பாடியைச் சுவரோரம் சாய்த்து வைத்த கையோடு மைத்துனன் கேட்டான்: "இத எடைக்குப் போட்டுடலாமா மாமா? இடத்த அடைக்குதே." நானும் தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பழைய இரும்புக் கடை மூடியிருந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பாடி இல்லாத சேஸியைக் கண்டால் உடனே பெயின்ட் அடிக்கத் தோன்றும். முதலில் அளந்து பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை சேஸியின் ஒவ்வொரு பாடி போல்ட் ஓட்டையிலிருந்தும் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்தால் சேஸி கோணலா நேரா என்பது தரையிலேயே தெரிந்துவிடும். கோணல் இல்லை. ஆனால் சுரண்டும்போது ஸ்டீயரிங் பெட்டி உட்காரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று கண்ணில் பட்டது. அதை நானே வெல்டு வைக்கத் துணியவில்லை. தெரிந்த வெல்டர் அண்ணன் வந்து, விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளை போட்டுவிட்டு அடைத்துக் கொடுத்தார். துளை போடாமல் அடைத்தால் விரிசல் வெல்டைத் தாண்டி ஓடிக்கொண்டே போகுமாம்.

புது பாடி சுமார் 1.2 மி.மீ. தகரம். அடிக்கால்வாய்களில் மரம் இல்லை, வெற்றாகத்தான் வந்தது. உள்ளே நீளக் குழல் விட்டு மெழுகு ஸ்பிரே அடித்தேன். தளத்தின் அடிப்பக்கத்துக்கு பிரைமரும் பெயின்டும் சேஸியில் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், வைத்த பிறகு பிரஷ் போகாது.

வைத்ததும் ஒரு தப்பு செய்தேன். எல்லா ஓட்டையும் நேராக வந்துவிட்ட சந்தோஷத்தில் 9/16 அங்குல ஸ்பேனரை எடுத்து ஒரே மூச்சில் அத்தனை போல்ட்டையும் இறுக்கிவிட்டேன். பிறகு கிரில், மட்கார்டு, பானட் எல்லாம் மாட்டிப் பார்த்தால் பானட் ஒரு பக்கம் விரலிடை தூக்கிக்கொண்டு நிற்கிறது, பக்கவாட்டுக் கொக்கி எட்டவே இல்லை. புது பாடி கோணல் என்று விற்றவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கோணல் என்னிடம்தான். பாடி சேஸியில் நேரடியாக உட்காருவதில்லை, இடையில் ரப்பர் பட்டைகள் உண்டு. ஓர் இடத்தில் பட்டை கொஞ்சம் தடிமன் குறைந்தாலும், போல்ட்டை இறுக்கும்போது மெல்லிய தகரம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு பெரிதாகத் தெரிவது எதிர் முனையில் இருக்கும் பானட்டில்தான்.

எல்லாவற்றையும் தளர்த்தினேன். முதலில் முன்பக்கம், அதாவது டேஷ்போர்டு சுவரும் கிரில்லும் பானட்டும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை வாஷர் சேர்த்தும் எடுத்தும் பார்த்தேன். பிறகு பின்னால். கடைசியில்தான் இறுக்கம், அதுவும் ஒரே சுற்றில் அல்ல, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. இடது பின் மூலைக்கு மட்டும் இரண்டு வாஷர் அதிகம் தேவைப்பட்டது. பானட் கொக்கி "டப்" என்று விழுந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு மூன்று தடவை மூடித் திறந்து காட்டினேன். யாருக்கும் அதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

அதற்கப்புறம்தான் நாலு மாதம். புது பாடியில் பெரிய ஓட்டைகள் எல்லாம் இருந்தன, சின்னவை இல்லை. ஒயரைப் பிடிக்கும் கிளிப்புகள், சோக் கேபிள் நுழையும் துளை, டெயில் லைட்டின் ஒயர் வழி, டேங்கைப் பிடிக்கும் பட்டையின் ஓட்டை. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் படம் இருக்கிறது, அளவு இல்லை. அளவெல்லாம் சுவரோரம் துருப்பிடித்து நின்ற பழைய பாடியில்தான் இருந்தது.

சின்ன வயதில் காசின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்ப்போமே, அதேதான் செய்தேன். பழைய டேஷ்போர்டு சுவரின் மேல் பெரிய காகிதத்தை ஒட்டி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு ஓட்டையும் வட்டமாக எழும்பி வந்தது. அதை அப்படியே புது பாடியில் விளிம்புக்கு விளிம்பு ஒட்டி, நடுப்பஞ்ச் அடித்து டிரில் போட்டேன். தளம் இற்றுப்போன இடங்களில் மட்டும் அட்டையை வெட்டி வைத்து அளவெடுத்தேன். துளை போட்ட விளிம்பில் உடனே பெயின்டைத் தொட்டு வைத்துவிடுங்கள், நாளை துரு தொடங்குவது அங்கேதான்.

ஒயரிங் முடிந்து ஹெட்லைட்டைப் போட்டால் மின்மினிப்பூச்சி. பிரேக்கை அழுத்தினால் அதுவும் மங்கியது. காரணம் எர்த், அதாவது பாடி, சேஸி வழியாக கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ரப்பரின் மேல், நாலு கோட் பெயின்டோடு உட்கார்ந்திருக்கும் புது பாடிக்கும் சேஸிக்கும் மின் தொடர்பே சரியாக இல்லை. பழைய பாடிக்குத் துருவும் சேறுமாவது இருந்தது! இது 6 வோல்ட் வண்டி வேறு. அதே வாட்ஸ் பல்புக்கு 12 வோல்ட்டைப்போல இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், அதனால் தொடர்பு கொஞ்சம் கெட்டாலும் வெளிச்சத்தில் அடி விழும். இன்ஜினிலிருந்து சேஸிக்கும் சேஸியிலிருந்து பாடிக்கும் தடித்த பின்னல் பட்டை போட்டு, அது உட்காரும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கினேன். வெளிச்சம் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததென்று முதல் ஓட்டம் போனேன். வழியில் மழை. வீடு திரும்பியபோது காலடியில் கணுக்கால் நனையத் தண்ணீர். புது பாடியின் தளத்தில் தண்ணீர் வடிய ஓட்டையே இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு நேராகச் சுவரோரம் போனேன். பழைய தளத்தில் அரிக்காமல் மிஞ்சிய ஒரு மூலையில், விரல் நுழையும் அளவு வட்டமாக இருந்தது. ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் மைத்துனன் குரல்.

"மாமா, இப்பவாவது எடைக்குப் போட்டுடலாமா?"

"இருக்கட்டும் மாப்ளே. ஸ்டெப்னி பிராக்கெட் இன்னும் மாட்டல."