லோப்பர்சம் பக்கத்தில் வீடு விரிசலுக்கு இழப்பீடு வாங்கிய அனுபவம்

நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் மாகாணத்தில், மிடெல்ஸ்டம் என்ற ஊரில் பழைய செங்கல் வீடு எங்களுடையது. 1990-இல் மிடெல்ஸ்டம், ஸ்டேடம் ஊர்களை லோப்பர்சம் நகராட்சியோடு சேர்த்தார்கள். 2021 ஜனவரி 1-இல் லோப்பர்சமும் கலைந்து, ஏம்ஸ்டெல்டா என்ற புதிய நகராட்சியில் சேர்ந்தது.

நிர்வாகம் மாறினாலும் மண்ணின் பிரச்சினை மாறவில்லை. இங்கே கீழே இருப்பது 1959-இல் கண்டுபிடித்த எரிவாயு வயல். வாயுவை எடுக்க எடுக்கப் பாறை அடுக்கு அமுங்கி நிலம் அதிர்கிறது. 2012 ஆகஸ்ட் 16-இல் பக்கத்து ஊரான ஹௌசிங்கவில் 3.6 அளவு நிலநடுக்கம். எண் சிறியதுதான், ஆனால் மையம் சுமார் 3 கி.மீ. ஆழத்திலேயே இருப்பதால் வீட்டுச் சுவர் தாங்காது.

2022-இல், இந்தச் சேதத்துக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பிடம் விண்ணப்பித்தோம். முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆய்வு இல்லாமல் 5,000 யூரோ வாங்கிக்கொள்ளலாம் (பிறகு அது 10,000 ஆனது). ஆனால் அதுவரை உள்ள சேதத்துக்கெல்லாம் அதோடு கணக்கு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் ஜன்னல் மேல்வளைவே பிளந்திருந்ததால் ஆய்வு வழியில் போனோம்.

ஆய்வாளர் வந்தபோது கூடவே நடந்தது நல்லதாயிற்று. ஒவ்வொரு விரிசலிலும் அளவு அட்டையை வைத்துப் படம் எடுத்து எண் போட்டார். பீரோவுக்குப் பின்னால், பரண் மூலையில் இருந்தவற்றை நாங்களே காட்டினோம். பட்டியலில் ஏறாத விரிசலுக்குக் காசு கிடையாது.

இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. 2016 கடைசியிலிருந்து சட்டம் நம் பக்கம். தன்மையைப் பார்த்தால் நில அசைவால் வந்திருக்கலாம் எனத் தோன்றும் கட்டடச் சேதம், வாயு எடுத்ததால் வந்தது என்றே கருதப்படும். வேறு காரணம் என்றால் அதை அந்த அமைப்புதான் நிரூபிக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் இரண்டு விரிசல்களைப் பூச்சு சுருங்கியது என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று செங்கல் வரை ஓடியிருந்தது. அதன் படத்தை வைத்துப் பதில் எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள். முடிவுக் கடிதத்துக்கும் ஆட்சேபம் சொல்ல ஆறு வாரம் அவகாசம் உண்டு. அறிக்கையைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வயலை 2024 ஏப்ரலில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆனாலும் அதிர்வு உடனே நின்றுவிடாது. கொத்தனார் வேலை முடிந்ததும் எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வைத்தோம், அடுத்த விரிசல் புதியது என்று காட்ட.