அடுத்த வீட்டில் கரண்ட் இருக்கா?

அக்டோபர் கடைசி ஞாயிறு. மணி ஐந்துக்கே இருட்டிவிட்டது. குக்கரில் சோறு அரைவேக்காடாக இருக்கும்போது கரண்ட் போனது. செங்கோட்டைக்காரி வேறென்ன செய்வாள்? நேரே வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, இருபுறமும் எரிகிறது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. சுருக்கென்றிருந்தது. நம் ஊரில் போனால் தெருவுக்கே போகும், எல்லோரும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியடியில் டார்ச்சோடு நின்று, "நான்தான் அமுக்கினேன், டெஸ்ட்" என்றார்.

இப்போது நான் இருக்கும் இங்கிலாந்தில் மார்ச்சிலும் அக்டோபரிலும் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அதே நாளில், கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனையும் அமுக்கிவிடுவது இவர் வழக்கம். முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்தது, 2018 வயரிங் விதிகளில் ஆறு மாதமானது. பட்டனை அமுக்கினால் கரண்ட் கொஞ்சம் கசிவது போல ஆகும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாததால் ஆர்சிடி உடனே விழ வேண்டும், அதாவது கரண்டை நிறுத்த வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து உயிரைக் காக்கிற சாதனம். எல்லாம் சரி, என் சோறு வேகிறவரை பொறுத்திருக்கக் கூடாதா? தானாகப் போகிற கரண்டையே திட்டி வளர்ந்தவள் நான். இருக்கிற கரண்டை இவர்களே நிறுத்துகிறார்கள்!

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் மேகம் கறுத்தால் கை மெழுகுவர்த்தியைத் தேடுகிறது.

பட்டனை அமுக்கினால் சாதனம் விழுகிறதா என்றுதான் தெரியும், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று தெரியாது. அதற்கு மீட்டரோடு ஆள் வர வேண்டும். இங்கே வாடகை வீடுகளுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தச் சோதனை கட்டாயம். ஊரில் எங்கள் வீட்டில் அந்த இலாகா ஆச்சியிடம் இருந்தது. கிணற்றடியில் கரியும் உப்பும் கொட்டி மூடிய எர்த் குழி. சித்திரையில் துளசிக்கு ஊற்றிய கையோடு அதற்கும் ஒரு குடம் ஊற்றுவாள். "மண்ணு காஞ்சா கரண்டு நம்ம மேலதான்ட்டீ பாயும்" என்பாள். ஈரம் சுண்டினால் எர்த் கெடும் என்பது அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ. ஈர மண்ணிலிருந்து எழும் அந்த வாசம் இங்கே லெஸ்டரில் எந்த மழைக்கும் வருவதில்லை.

மறுநாள் கேரளத்து ஆரியங்காவில் வயரிங் வேலை பார்க்கும் அத்தானுக்குப் போன் போட்டேன்.

"ஆறு மாசமா? எங்க பெட்டியில மாசம் ஒருதடவை அமுக்கணும்னு போட்டிருக்கு" என்றார்.

"நீங்க அமுக்குறீங்களா அத்தான்?"

"அமுக்குறதுக்கு கரண்ட் இருக்கணும்லா? துலாமழை இடிக்கு நேத்து சாயங்காலம் போனது, இன்னும் வரல. போன்ல சார்ஜ் இல்ல, வைக்கட்டா?"