கூட்டம் ஆகாத குடும்பமும் மாபெரும் கப்பலும்

மியாமியிலிருந்து போகும் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்ற உல்லாசக் கப்பல் நிரம்பினால் 7,600 பயணிகள். பயப்பட வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவதால்தான் நெரிசல்.

துறைமுகத்தில் நிற்கும் நாளில் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். காலை 10 முதல் மதியம் 2 வரை நீச்சல்குளமும் சறுக்குகளும் வெறிச்சோடிக் கிடக்கும். கப்பல் நிறுவனத்தின் சொந்த உல்லாசத் தீவான கோகோகேயில் நிற்கும் நாளில் இன்னும் காலி. ஊர் பார்ப்பதை இழக்கிறோமே என்றால், ஒரு துறைமுகத்தில் மட்டும் இறங்குங்கள்.

கடலிலேயே ஓடும் நாளில்தான் குளத்தடியில் கூட்டம் தாங்காது. அன்று எட்டாம் தளத்து சென்ட்ரல் பார்க், நிஜச் செடிகளோடு, அதிகாலையில் அவ்வளவு அமைதி!

காலை உணவுக்கு பஃபே வேண்டாம், மெயின் டைனிங் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனிக் கட்டணம் இல்லை. நடுத்தளங்களில் அறை எடுத்தால், ஷோ முடிந்ததும் லிஃப்டுக்கு நிற்காமல் படியிலேயே போய்விடலாம்.